கால்விரல் பார்த்த புஷ்பவள்ளி

செய்தி வந்தபோது நான் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத ஆறு மணி. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்திருப்பவர்களின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு ஏட்டில் பதிவது கிராணியான என்னுடைய வேலை. முப்பத்தொரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சேகர், புஷ்பவள்ளியின் கணவர். அந்த நேரத்தில் அவர் என்னை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

நான் பேசவில்லை. மறைப்பானேன், பயம். இன்னும் ஒன்பது பெயர்கள் பாக்கி இருந்தன. ஒன்பதையும் நிறுத்தி நிதானமாகக் கூப்பிட்டேன். ஒருவர் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். அவரும் இரண்டு தடவை பதில் சொன்னார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கைப்பேசி நின்று மறுபடியும் அதிர்ந்தது. நான் எடுக்காத வரைக்கும் அந்த அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு இருப்பார் என்று எனக்குள் ஒரு கிறுக்குத்தனம். கடைசிப் பெயரும் முடிந்தது. வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

"அண்ணே, புஷ்பா போயிட்டாண்ணே," என்றார் சேகர்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜெராமில் இருக்கும் அவர்கள் வீட்டில் கூடுகிறவர்களுக்குப் படித்துக் காட்ட நாலு வரி எழுதித் தாருங்கள் என்று சேகர் கேட்டிருக்கிறார். உங்களில் பாதிப் பேர் அவரோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், என்னைப் போல அவர் கையால் பிழைத்தவர்கள். நாலு வரியில் இது அடங்காது. உங்கள் எல்லார் முன்னாலும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருடைய பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது பொய்ப் பதிவு ஆகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடைமழையில் எங்கள் தோட்டத்துப் பெரிய கால்வாய் உடைத்துக்கொண்டது. கிராணிக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனேன். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒரு வாரத்தில் எலிக் காய்ச்சல் என்றார்கள். பிறகு நுரையீரலில் இரத்தம் என்றார்கள். அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மெஷின் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? அம்மா என்று கத்தலாம் என்றால் சத்தம் வராது. எச்சில் விழுங்க முடியாது. என் மூச்சு எப்போது வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்வது. மெஷின் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டால் ஈரக்குலை நடுங்கும். நான் வாயால் பிழைக்கிறவன். தோட்டத்தில் என் குரலைக் கேட்டுத்தான் ஆட்கள் நேரத்தைத் தெரிந்துகொள்வார்கள். அந்த வாயில் குழாயைச் செருகிக் கிடக்கிறேன்.

தினமும் காலையில் ஒரு சோதனை நடந்தது. மெஷின் தரும் உதவியைக் குறைத்துவிட்டு அரைமணி நேரம் பார்ப்பார்கள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று, இந்த இரண்டும்தான் முக்கியம். நாய் இளைப்பதுபோல் மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வந்தால் ஆள் இன்னும் தயாராகவில்லை. நிதானமாகவும் நிறைவாகவும் வந்தால் குழாயை எடுக்கலாம். இளம் டாக்டர் ஒருவர் என் கட்டில் அருகில் நின்று இதையெல்லாம் ஒரு பயிற்சி டாக்டருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடக்கிற கிழவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் கழுத்தில் துளை போட்டு அது வழியாகக் குழாயை வைப்போம் என்றும் சொன்னார். அது நல்லதுக்குத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது 'கழுத்தில் துளை' மட்டும்தான்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மெஷினின் திரை எதிர்ப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. எண்கள் இடவலம் மாறித் தெரிந்தாலென்ன, வாழ்நாள் முழுக்க எண்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது பெரிய வித்தையா? மறுநாள் சோதனை ஆரம்பித்ததும் கண்ணாடியையே பார்த்தேன். எண் ஏறினால் மூச்சை இழுத்துப் பிடித்தேன். அளவு குறைந்தால் வயிற்றை எக்கி இழுத்தேன். அரைமணி நேரம் நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. எண்கள் மட்டும் அழகாக இருந்தன. குழாய் வாயில் வெள்ளை அட்டையைப் பிடித்து இருமச் சொன்னார்கள். இருமினேன். அட்டை நனைந்தது. இருமலில் பலம் இருக்கிறதாம், எல்லாருக்கும் சந்தோஷம். காலை பதினோரு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். என் மனைவி கமலா வாசலிலேயே கற்பூரம் கொளுத்தக் கிளம்பிவிட்டாளாம். காவலாளி தடுத்திருக்கிறார்.

பிற்பகல் மூன்று மணிக்குள் நான் கரையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தேன். காற்று இருக்கிறது, எனக்குள் வரவில்லை. யார் யாரோ ஓடி வந்தார்கள். மறுபடியும் குழாய்.

என்னைப் பார்த்துக்கொண்ட தாதி புஷ்பவள்ளி அந்த இரண்டு நாளும் விடுப்பில் இருந்தார். மறுநாள் காலையில் வந்து என் குறிப்பேட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கண் போகிற இடத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நேராகப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கிராணி, வராத ஆளுக்குப் பேர் போட்டீங்களா?" என்றார்.

அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். தோட்டத்துப் பிள்ளைக்கு இது தெரியாமல் போகுமா? வேலைக்கு வராத கூட்டாளிக்காக வேறொருவன் குரல் கொடுப்பான். கிராணியும் தெரிந்தும் தெரியாத மாதிரி பதிந்துகொள்வார். ஏட்டில் ஆள் இருக்கும், சாயங்காலம் பார்த்தால் வெட்டிய குலை இருக்காது. நான் என் மூச்சுக்கே அதைச் செய்திருந்தேன்.

"சிரிக்காதீங்க. செத்துருப்பீங்க, தெரியுமா? கள்ளப் பேர் போடுறதுக்கு இதுதான் எடமா?" என்று திட்டினார். நான் சிரிக்கவில்லை. குழாயோடு எங்கே சிரிப்பது? என் கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே மேலும் திட்டினார்.

பிறகு என் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைக் கணுக்கால்வரை விலக்கினார். அன்றிலிருந்து என் பாதங்கள் திறந்தே கிடந்தன. "மூஞ்சி பொய் சொல்லும், நெஞ்சுகூடப் பொய் சொல்லும். கால்வெரலுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. இழுத்துப் புடிச்சு மூச்சு விடுறவங்க வெரல மடக்கிக்குவாங்க. அவங்களுக்கே தெரியாது," என்றார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பிற்காலத்தில் கேட்டேன். "எதுலயும் இல்ல. கணக்கு வேணாம்னு நான் சொல்லல லா. கணக்கையும் பாப்பேன், வெரலையும் பாப்பேன். ரெண்டும் ஒண்ணா பேசுனா எனக்குக் கொஞ்சம் தைரியம்," என்றார்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வியாதி பிடித்துக்கொண்டது. சூடு கண்ட பூனை ஆனேன். சோதனை என்ற சொல் காதில் விழுந்தாலே மூச்சு தாறுமாறாகப் போகும். மூன்றே நிமிஷத்தில் மெஷின் கத்தும், நிறுத்திவிடுவார்கள். இப்படி மூன்று நாள். பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னார். பயப்படாதீங்க என்று கமலா திருநீற்றைப் பூசிக்கொண்டே சொன்னாள். பயப்படாதே என்பது எவ்வளவு உபயோகமில்லாத சொல் என்று அப்படிக் கிடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

புஷ்பவள்ளி மட்டும் அதைச் சொல்லவில்லை. நாலாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "இப்ப மெஷின கொறைக்கிறேன். ஒங்ககிட்ட மறைக்கல. பயமா இருக்கும். பயப்படுங்க, பரவால்ல. பயந்துக்கிட்டே மூச்சு விடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார். எனக்கு யாரோ அனுமதி கொடுத்ததுபோல் இருந்தது. பயந்தேன். பயந்துகொண்டே விட்டேன். நாலு நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "கிராணிக்குக் கணக்கு காட்டுனா கணக்குத்தான் எழுதுவாரு," என்று பக்கத்துத் தாதியிடம் சொன்னது கேட்டது.

அடுத்த நாள் எண்கள் நன்றாக இருந்தன, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். புஷ்பவள்ளி என் கால்மாட்டில் நின்றார். "டாக்டர், கணக்கு இன்னைக்கி ரெடி. ஆளு நாளைக்கி," என்றார். டாக்டர் வந்து என் விரல்களைப் பார்த்தார். ஒரு நாள் பொறுத்தார். அந்த டாக்டருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் குழாயை எடுத்ததும் இருமி இருமிக் கண் பிதுங்கிக் கிடந்தேன். பேசவே பயம், மூச்சு தீர்ந்துவிடுமோ என்று. புஷ்பவள்ளி இடுப்பில் கை வைத்து நின்று களத்தில் நான் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்: "பெருமாள் மகன் தங்கராஜூ!"

"இருக்கேன்," என்றேன். தகரத்தை இழுத்ததுபோல் ஒரு குரல். என் குரல்தான்.

வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை ரம்புத்தானோடு ஜெராமுக்குப் போனேன். சேகர் லோரி கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னால் தப்பாதாமே என்று நான் பெருமை பேச ஆரம்பித்தேன். புஷ்பவள்ளியின் முகம் மாறிவிட்டது. "தப்பியிருக்கு கிராணி. நான் சரின்னு சொன்ன ஒருத்தரு திரும்பல. கணக்கும் சரி, வெரலும் சரி. ஆனா போயிட்டாரு," என்றார். பழத்தை உரித்தார், சாப்பிடவில்லை. "அதுலருந்து ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்தக் கலக்கும். கலக்காத அன்னைக்கி நான் இந்த வேலைய விட்டுரணும்." இதை வேலையில் இருக்கும் தாதிகள் நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா தெரியாது. என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார்.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியது.

போன மாதம் சளிக்காய்ச்சல் என்று படுத்த புஷ்பவள்ளி, நுரையீரலில் கிருமி ஏறி, தான் வேலை பார்த்த பிரிவிலேயே, நாலாம் எண் கட்டிலில் குழாயோடு கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். பத்தாம் நாள் சேகர் என்னை அழைத்தார். "அண்ணே, இன்னைக்கி எடுத்துரலாம்னு பேசிக்கிறாங்க. நீங்க அதுலருந்து வந்த ஆளு. ஒரு தடவ வந்து பாருங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு," என்றார். எனக்கு மட்டும் என்ன? அந்தக் கட்டடத்தின் வாசனையே எனக்குக் குமட்டும். போனேன்.

பகல் பார்வையாளர் நேரம். சோதனை நடந்துகொண்டிருந்தது. சின்னத் தாதி ஒருவர் சிரித்த முகத்தோடு, "அக்காவோட நம்பர் எல்லாம் சூப்பர் அங்கிள்," என்றார். திரையைப் பார்த்தேன். உண்மைதான், அழகான எண்கள். புஷ்பவள்ளி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்பலாமாண்ணே?" என்றார்.

நான் கால்மாட்டைப் பார்த்தேன். பாதங்களின் மேல் போர்வை இரண்டு மடிப்பாக மூடியிருந்தது. குளிருகிறது என்று அவரே சைகை காட்டி மூடச் சொன்னாராம். எந்த நோயாளியின் பாதத்தையும் மூட விடாதவர். ஒரு பெண்ணின் போர்வையை விலக்க எனக்கு என்ன உரிமை? கணுக்கால்வரை விலக்கினேன்.

பத்து விரலும் மடங்கியிருந்தன.

நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கொஞ்சமாகத்தான் ஆட்ட முடிந்தது. அந்தக் கண்ணை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். போர்வையை மூடிவிட்டு, நல்லாத்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் கேட்கத் தயாராக இருந்தார்கள். அவர் என்னை விட்டுக்கொடுக்காதவர். நான் அவரை விட்டுக்கொடுத்தேன். சின்னத் தாதியைக் கூப்பிட்டு, "பாருமா, இழுத்துப் புடிச்சு விடுறாங்க," என்றேன்.

டாக்டர் வந்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்தார். இன்றைக்கு வேண்டாம் என்று உதவியை மறுபடியும் கூட்டினார். புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். சேகர் நோட்டைக் கொடுத்தார். கோணல் மாணலாக எழுதி என் பக்கம் நீட்டினார். 'பயமா இருக்கு கிராணி.'

அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொன்னேன். "பயப்படுங்கமா. பரவால்ல. பயந்துக்கிட்டே மூச்சு விடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்." அவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்து வெளியே போகச் சொல்லும்வரை விடவில்லை.

வெளியே வந்த பிறகுதான் சேகர் சொன்னார். கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் படிக்கும் மகள் யாழினி அன்று சாயங்காலம் வந்து இறங்குகிறாள். மகளிடம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் அவர் தவியாய்த் தவித்திருக்கிறார். அதற்குத்தான் அந்த அழகான எண்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் போர்வையை விலக்கியிருப்பேனா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

யாழினி வந்தாள். நாலு நாள் அம்மாவும் மகளும் அந்த நோட்டில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டார்கள். அவள் வந்த ஐந்தாம் நாள் சிறுநீரகம் நின்றது, இரத்தத்தில் கிருமி பரவியது. ஏழாம் நாள் விடியற்காலை, நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் போய்விட்டார். குரலை ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை.

ஜெராம் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். மற்ற எட்டு விரலும் நேராக இருந்தன.

சேகர் என் தோளில் சாய்ந்து, "நீங்க சொல்லாம இருந்திருந்தா ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாளாண்ணே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. அன்றைக்கு எடுத்திருந்தால் என்னைப்போல் சில மணி நேரத்தில் மூழ்கியிருப்பார், மறுபடியும் குழாயைப் போட்டு மயக்கத்தில் வைத்திருப்பார்கள், அந்த நோட்டும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். டாக்டருக்கும் நிச்சயமில்லை. ஒருவேளை பேசியிருப்பார். ஒருவேளை பிழைத்தே இருப்பார். யாராவது முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடிகிற காரியமாக அது இருந்தால் புஷ்பவள்ளிக்கு வாழ்நாள் முழுக்க வயிற்றைக் கலக்கியிருக்காது.

கிளம்பும்போது யாழினி வாசல்வரை வந்தாள். "அங்கிள், ஒங்க மேல எனக்குக் கோவமா இல்லையான்னு இன்னும் தெரியல லா," என்றாள். அம்மாவைப் போலவே நேருக்கு நேர். பிறகு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். "இது ஒங்களுக்கு எழுதுனது. நான் வச்சிருக்கக் கூடாது."

'பயமா இருக்கு கிராணி' என்ற அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் எனக்குத் தந்த மூச்சும், பயந்துகொண்டே விடலாம் என்ற அனுமதியும் என்னிடம் இருக்கின்றன. நான் செய்தது சரியா என்ற பயமும் இருக்கிறது. அதையும் அவர் தந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன், திருப்பித் தர ஆள் இல்லை.

இன்று காலையும் களத்தில் பெயர் கூப்பிட்டேன். சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் மடங்கியிருந்தன. கடைசிப் பெயர் முடிந்தும் ஏட்டை மூட முடியவில்லை. 'ஆறுமுகம் மகள் புஷ்பவள்ளி' என்று கூப்பிட வாய்வரைக்கும் வந்துவிட்டது. யாராவது ஒருவர் பின்னாலிருந்து 'இருக்கேன்' என்று குரல் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிந்திருப்பேன். யாரும் கொடுக்கவில்லை. வராத ஆளுக்குப் பேர் போடக் கூடாது. ஏட்டை மூடினேன்.